பீரங்கியும் குழாய்க் கிணறும்

போன வாரம் கவிதா மேடம் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குத் தலைவராக வந்தவர். என்னைவிட வயதில் ரொம்பவும் சிறியவர், அதிகாரத்தில் மட்டும் பெரியவர்.

“சார், இனிமே பேப்பர் திருத்த எங்கயும் போக வேண்டாமாம். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டுடுவாங்களாம். உக்காந்த இடத்துலேருந்தே திருத்தலாம்.”

“நல்லதுதானேம்மா. பஸ் காசு மிச்சம்.”

“அதுக்கில்ல சார். திருத்துற முகாம்னா என்னன்னே புதுசா வந்திருக்கிற ஆளுங்களுக்குத் தெரியாமப் போயிடும். அந்தக் குழாய்க் கிணறு விஷயத்த ஸ்டாஃப் ரூம்ல அடிக்கடி சொல்வீங்கள்ல, அத எழுதிக் குடுங்க. துறை மலர்ல போட்டுடுறேன்.”

“இவ்வளவு தடவை கேட்டும் உங்களுக்குச் சலிக்கலையா?”

“எனக்குச் சலிச்சுடுச்சு சார். புதுசா வந்தவங்களுக்காகத்தான் கேக்குறேன்.”

இவ்வளவு மரியாதையாகக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் தற்பெருமை தாராளமாக இருக்கும். வேலை பார்த்த காலத்தில் அடக்கமாக இருந்து பார்த்தாயிற்று, அதனால் சம்பளம் ஒன்றும் கூடவில்லை.

எனக்குப் பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ரயிலில் தஞ்சாவூருக்குப் போய் வந்து படித்தேன், பட்டம் வாங்கினேன், மேல்பட்டமும் வாங்கினேன். சில வருடங்கள் பஸ் செலவுக்கும் காணாத சம்பளத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். பிறகு பாபநாசம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. படித்ததெல்லாம் எழுதி வைத்த நோட்ஸ், அதைத்தான் நானும் போய் எழுத வைத்தேன்.

வேலையில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய வரலாறு. துறையில் மூத்தவர்களெல்லாம் சோழர், நாயக்கர், சுதந்திரப் போராட்டம் என்று நல்ல நல்ல பாடமாகப் பங்கு போட்டுக்கொண்டு, யாருக்கும் வேண்டாததை என் தலையில் கட்டினார்கள். அதிலும் இரண்டாம் அலகு இருக்கிறதே, ‘போர்முறை மாற்றங்களும் ஐரோப்பிய அரசுகளின் எழுச்சியும்’, அதன் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசை காலியாகிவிடும். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள். பாதிப் பேர் சொந்தமாகவோ குத்தகைக்கோ விவசாயம் செய்கிற வீட்டிலிருந்தும், மீதிப் பேர் அந்த வயல்களில் கூலிவேலை பார்த்த வீட்டிலிருந்தும் வந்தவர்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் அவர்களில் அதிகம். பீரங்கி வந்ததால் ஐரோப்பாவில் பெரிய அரசுகள் உருவாயின என்று நான் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார்கள். பீரங்கி வந்ததால் ஐரோப்பாவில் பெரிய மழை பெய்தது என்று சொல்லியிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பார்கள். இது எனக்கு ரொம்பவும் அவமானமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் வேறொரு தலைவலி. எங்கள் வயலில் ஒரு பில்டர் பாயிண்ட் இருந்தது. டெல்டாவில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அது கையாலேயே துளைத்து இறக்குகிற ஆழமில்லாத குழாய்க் கிணறு. மேலே ஒரு எஞ்சின் வைத்தால் போதும், தண்ணீர் கொட்டும். ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானாலும் நாற்று விட்டுவிடலாம். பக்கத்து வயல்காரர் எங்களைவிட வசதியானவர். அவர் ஆட்களை வைத்து ரொம்ப ஆழத்துக்குக் குழாய் இறக்கி, உள்ளேயே முழுகிக் கிடக்கிற நீர்மூழ்கி மோட்டாரை மாட்டினார். அடுத்த கோடையில் எங்கள் எஞ்சின் காற்றைத்தான் இழுத்தது. அப்பா வரப்பில் நின்றுகொண்டு, “நாமளும் எறக்கணும், இல்ல அவன்கிட்டயே குத்தகைக்கு விட்டுடணும். நடுவுல ஒரு வழியும் இல்லடா” என்றார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. கையில் இரண்டாம் அலகு நோட்ஸ் இருந்தது. அதைப் பார்க்கிறேன், அப்பா சொன்னதை நினைக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று உறைத்தபோது பஸ் கல்லூரியைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி வந்தேன். அன்றைக்கு நோட்ஸைத் திறக்கவில்லை.

“உங்க ஊர்ல மொதல்ல எல்லார்கிட்டயும் என்ன இருந்துச்சு, தண்ணி எறைக்க?”

“பில்டர் பாயிண்ட் சார்.”

“அப்புறம்?”

“ஒருத்தரு ஆழமா எறக்கி நீர்மூழ்கி மோட்டார் மாட்டுனாரு.”

“அப்புறம்?”

“பக்கத்துல உள்ளவங்களுக்குத் தண்ணி கீழ போயிடுச்சு.”

“அவங்க என்ன பண்ணணும்?”

“அவங்களும் எறக்கணும் சார். முடியலன்னா நெலத்த அவருகிட்டயே விட்டுடணும்.”

“அவ்வளவுதான். ஐரோப்பாவ முடிச்சாச்சு” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு விழித்தது. பின்வரிசை முதல்முறையாக முன்னால் குனிந்தது.

பிறகு விளக்கினேன். அங்கே ஊருக்கு ஊர் ஒரு சிற்றரசன், பிரபு, அவனுக்கு ஒரு கோட்டை. உயரமான மதில்தான் அவனுக்குப் பில்டர் பாயிண்ட். அதை வைத்துக்கொண்டு மன்னனையே மதிக்காமல் இருந்தான். பீரங்கி வந்தது. உயரமான மதில் பீரங்கிக்கு நல்ல குறி, இடித்துத் தள்ளியது. உடனே மதிலைத் தாழ்த்தி, தடிமனாக்கி, மூலைக்கு மூலை முனை நீட்டி, நட்சத்திரம் மாதிரி புதுவகைக் கோட்டை கட்டினார்கள். அதைப் பிடிக்க மாதக்கணக்கில் முற்றுகை போட வேண்டும். முற்றுகைக்குப் பெரிய படை வேண்டும். துப்பாக்கி பிடிக்கிறவனை வரிசையில் நிற்கவைத்துத் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். அறுவடைக்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற படை இதற்கு உதவாது, வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு வரி வேண்டும். வரி வசூலிக்க அதிகாரிகள் வேண்டும், கணக்கு வேண்டும். போதவில்லையென்றால் கடன் வாங்க வேண்டும், நகையை அடகு வைத்த மன்னர்களும் உண்டு. சிற்றரசனால் எவ்வளவு ஆழத்துக்கு இறக்க முடியும்? ஒவ்வொருவனாகப் பெரிய மன்னனிடம் போய்ச் சேர்ந்தான். சண்டைக்காக ஏற்படுத்திய வரியும் அதிகாரியும் சண்டை முடிந்த பிறகும் கலையவில்லை. அதைத்தான் அரசு என்கிறோம்.

“அப்ப எங்க ஊரு மிராசுதாருதான் பிரெஞ்சு ராஜாவா சார்?” என்று ஒருவன் கேட்டான்.

“கிரீடம் ஒண்ணுதான் கொறச்சல். அவருகிட்டப் போய்ச் சொல்லிவைக்காத, செஞ்சு போட்டுக்குவாரு.”

அந்த வாரமே அவர்களைத் தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்கு அழைத்துப் போனேன். கீழவாசல் வழியாக எத்தனையோ தடவை போனவர்கள், ஒருவரும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. இரும்புப் பட்டைகளை அடுக்கி, வளையம் வளையமாகப் பூட்டிச் செய்த அந்தப் பெரிய பீரங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதைச் செய்ய எவ்வளவு இரும்பு, எத்தனை கொல்லர், அவர்களுக்கு யார் சோறு போட்டது என்று கேட்டேன். இன்னொரு நாள் தரங்கம்பாடிக்குப் போய், டேனிஷ் கோட்டையின் தாழ்ந்த, தடித்த, சாய்வான சுவரைத் தொட்டுப் பார்த்தோம். பரீட்சையில் எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். “பீரங்கியப் பத்திப் புத்தகத்துல உள்ளத விடாம எழுதுங்க. உதாரணத்துக்கு உங்க ஊர வச்சு எழுதுங்க. என் ஊர எழுதாதீங்க” என்றேன். பின்னால் வந்த வினை, வினையிலிருந்து மீண்டது, இரண்டுக்கும் இந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

இனி முகாமுக்கு வருகிறேன்.

தேர்வு முடிந்ததும் சுற்று வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களையெல்லாம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்கு வரவழைப்பார்கள். பெரிய கூடம், நீளநீளமான மேசைகள், மேலே மின்விசிறி. தாள் பறக்காமலிருக்க ஆளாளுக்கு ஒரு கல் கொண்டுவருவோம். விடைத்தாளின் முகப்பில் மாணவர் எண் இருக்கும் பகுதியை முன்னமே கிழித்து எடுத்துவிட்டு, வேறொரு எண்ணைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். டம்மி நம்பர் என்போம். ஒரு தேர்வு மையத்தின் தாள்கள் ஒரே கட்டாக வரும், ஆனால் எந்த மையம் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. அவரவர் கல்லூரிக் கட்டு அவரவரிடம் போகாதபடி அலுவலகம் பார்த்துக்கொள்ளும். காலையில் தலைமைத் தேர்வாளர் முன்னால் எல்லாரும் கூடி, எந்தக் கேள்விக்கு என்னென்ன கருத்து இருந்தால் எவ்வளவு மதிப்பெண் என்று பேசி முடிவு செய்வோம். பிறகு சிவப்பு மையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். பதினொரு மணிக்கு டீயும் வடையும் வரும்போது கூடம் முழுக்க எண்ணெய் வாசனை அடிக்கும், சில தாள்களில் எண்ணெயே இருக்கும்.

எங்கள் பாடத்துக்குப் பல வருடங்களாகத் தலைமைத் தேர்வாளர் ஜெபமாலை மேரி மேடம். வேறொரு கல்லூரியில் பேராசிரியர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தாழ்ந்த குரல். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் மேசையைக் கடக்கும்போது எல்லாருக்கும் செருப்புச் சத்தம் தானாகக் குறையும். அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. பேனாவின் மூடியைக் கழற்றாமல் ஒரு விடையை முழுக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் மூடியைக் கழற்றலாம். “மூடியக் கழட்டிக்கிட்டுப் படிச்சா கை தப்பத்தான் தேடும் சார்” என்பார். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். பின்னால் வந்து நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஆள் மூடியை எடுத்து மாட்டுகிறவரை நின்றுகொண்டிருப்பார். நான் திருத்துகிற வேலையைக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

நான் மேலே சொன்ன அந்த மாணவர்கள் இறுதிப் பருவத் தேர்வு எழுதிய வருடம். காலையில் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு இரண்டு மேசை தள்ளி சேதுராமன் சார் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கல்லூரிக்காரர், நேர்மையான மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். திடீரென்று ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“மேடம், இத கொஞ்சம் பாருங்க. ஐரோப்பாவுல பீரங்கி வந்தது, எங்க ஊர்ல நீர்மூழ்கி மோட்டார் வந்தது மாதிரியாம்.”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். அது சிரிப்பில்லை, பெருமை. படுபாவிகள், எழுதியே விட்டார்களே என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

“ஒருத்தன் எழுதியிருந்தா கிறுக்குன்னு விட்டுடலாம் மேடம். புரட்டிப் பாத்துட்டேன், கட்டு முழுக்க இதேதான். ஒரு தாள் பாக்கியில்ல. எவனோ ஒருத்தன் எழுதிக் குடுத்திருக்கான், மையமே சேந்து காப்பி அடிச்சிருக்கு.”

அப்போதுதான் ஆபத்து எனக்குப் புரிந்தது. ஒரு கட்டு முழுக்க ஒரே மாதிரி விடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. கட்டைத் தனியே எடுத்து, சந்தேகத்துக்குரியது என்று குறிப்பெழுதித் தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். விசாரணை முடிகிறவரை அந்த மையத்தில் யாருக்கும் முடிவு வராது. விசாரணை எப்போது முடியும் என்று கேட்க ஆளில்லை. இது இறுதிப் பருவம். பட்டம் கையில் இருந்தால்தான் பி.எட். சேரலாம், வேலைக்கு விண்ணப்பம் போடலாம். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அதற்கப்புறம் படிப்பு என்ற பேச்சே எழாத பெண் பிள்ளைகள் அந்த வகுப்பில் பாதிப் பேர். வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நான் சொன்ன உதாரணத்தை எழுதியதற்காகக் காப்பி அடித்தவர்கள் என்று பெயர் வாங்கப் போகிறார்கள்.

மேடம் எழுந்து வந்து கட்டை வாங்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவர் டம்ளரைக் கையில் எடுத்தபோது, “மேடம், அந்த உதாரணம்…” என்று ஆரம்பித்தேன்.

“எந்த உதாரணம் சார்? நான் இன்னும் ஒண்ணுமே படிக்கலியே.”

“இல்ல மேடம், அத நடத்துனது…”

“சார்.” குரல் உயரவில்லை. “அது யாரோட கட்டுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்க இப்ப வாயத் தொறந்தீங்கன்னா, நாளைக்கு நான் என்ன முடிவு எடுத்தாலும் அது உங்களுக்காக எடுத்ததா ஆயிடும். அந்தப் பிள்ளைங்களுக்கு அது நல்லதா?”

டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

“போயி உங்க கட்டத் திருத்துங்க. மூடியப் போட்டுக்கிட்டுப் படிங்க.”

வந்து உட்கார்ந்தேன். அந்தக் காலைப் பொழுதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை. எனக்கு முன்னால் யாரோ பெற்ற பிள்ளையின் விடைத்தாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. எழுந்து போய் அது என் வகுப்பு என்று கத்திவிடலாமா என்று கால் பரபரக்கிறது. கத்தினால் காரியம் கெடும் என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். டீ வந்தது, குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் வடையைச் சாப்பிட்டுவிட்டார்.

மேடம் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. சேதுராமன் சாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு விடையை மட்டும் தேடி எடுத்து, இருவருமாகப் படித்தார்கள். பேனா மூடியோடு மேசைமேல் கிடந்தது. நான் கைகழுவப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். சேதுராமன் சார் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் காலையில் இருந்த கோபமாகத் தெரியவில்லை.

மதியம் எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் மேடம் எழுந்தார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நாளைக்கு யாராவது கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தாள்களிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

ஒரு தாளில், ஊர்க்கோடியில் இருக்கிற அரைமா நிலத்துக்கு நகையை அடகு வைத்து மோட்டார் இறக்கிய தகப்பனைப்போல் மன்னர்களும் நகையை அடகு வைத்தார்கள் என்று இருந்தது. இன்னொன்றில், குழாய் இறக்கியும் உப்புத் தண்ணீர் வந்துவிட்ட நாகூர்ப் பக்கத்து மாமா வருகிறார், செலவு செய்த எல்லா மன்னரும் பிழைக்கவில்லை, கடனில் மூழ்கியவர்களும் உண்டு என்பதற்கு அவர் உதாரணம். வேறொன்று பண்ணைக்காரரின் மின் இணைப்பைப் பற்றியது, மோட்டார் மட்டும் இருந்தால் போதாது, மின்வாரிய அலுவலகத்தில் ஆள் வேண்டும், பீரங்கி மட்டும் போதாது, அதிகாரிகள் வேண்டும் என்று. மற்றொன்று, இரண்டு பங்காளிகள் சேர்ந்து ஒரே குழாயை இறக்கிக்கொண்டதைச் சொல்லி, சிறிய நாடுகள் சில பணத்தைத் திரட்டிக்கொண்டு பெரியவற்றோடு மோதி நின்றதை விளக்கியது. அதை நான் நடத்தவே இல்லை, அந்தப் பிள்ளையாக யோசித்தது.

“காப்பி அடிச்சா வார்த்த ஒண்ணா இருக்கும், தப்பும் ஒண்ணா இருக்கும்” என்றார் மேடம். “இங்க வாய்க்கா வேற, வயல் வேற, ஆள் வேற, முடிவும் வேற. உதாரணம் மட்டும் ஒண்ணு. யாரோ ஒரு வாத்தியாரு சொல்லிக் குடுத்திருக்காரு. சொல்லிக் குடுத்தத எழுதுறது முறைகேடு இல்ல. சேதுராமன் சார், கடைசித் தாள நீங்களே படிங்க.”

சேதுராமன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். அதை நான் அன்றைக்குக் கேட்ட அளவில், இப்போது நினைவில் நிற்கிறபடி எழுதுகிறேன்.

‘எங்கள் ஆசிரியர் சொன்ன உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. ஆழமாகக் குழாய் இறக்கியவர், இறக்க முடியாதவர் என்று அதில் வருகிற இருவருக்குமே நிலம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நிலம் இல்லை. என் அப்பா குழாய் இறக்கும் வேலைக்குப் போகிறவர். ஐரோப்பாவிலும் நிலமில்லாதவர்கள் இருந்திருப்பார்கள். படைக்குச் சம்பளத்துக்குப் போனவர்களில் பலர் அவர்களே. பீரங்கியைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனதும், முற்றுகையின்போது மண் வெட்டியதும் அவர்கள்தான். வரி கொடுத்தவர்களால் அரசு வளர்ந்தது என்று படித்தோம். கோட்டையைச் சுற்றி இருக்கும் அகழி தானாக வெட்டிக்கொள்ளாது.’

படித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்தார்.

“வாத்தியாரையே மடக்கிட்டுது மேடம்” என்றார் சேதுராமன் சார். “இந்தத் தாளுக்கு நானே போடுறேன்.”

மேடம் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். பிறகு தன் பேனாவை எடுத்து, கட்டு முழுவதிலும் அந்த விடையைத் தானே படித்ததாகவும், உதாரணம் பொதுவாக இருப்பினும் விடைகள் தனித்தனியானவை என்றும், முறைகேடு இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் கேள்வி வந்தால் அது அவர் தலையில்தான் விழும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அத்தனை ஆசிரியர்கள் நடுவில் என் பாடத்தைப் பிரித்துப் போட்டு, இதில் இது இல்லை என்று ஒரு பிள்ளை காட்டிவிட்டது. யாருக்கும் நான்தான் அந்த வாத்தியார் என்று தெரியாது. வெட்கப்பட வேண்டிய இடம்தான், ஆனால் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. எழுந்து நின்று, அந்த வாத்தியார் நான்தான், என்னை மடக்கினது என் பிள்ளைதான் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் வேலைக் காலத்தில் அதைவிடப் பெருமையான நேரம் எனக்கு வாய்க்கவில்லை. பின்னாளில் நல்லாசிரியர் என்று சால்வை போர்த்தியபோதுகூட எனக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மேடம் கூப்பிட்டார்.

“சார், அந்த வாத்தியாரு யாருன்னு எனக்குத் தெரியாது. எங்கயாவது பாத்தீங்கன்னா சொல்லுங்க, எல்லாருக்கும் ஒரே உதாரணத்தக் குடுத்தா இந்த மாதிரி வம்பு வரும்னு.”

“சொல்றேன் மேடம்.”

“நல்லா நடத்தியிருக்காருன்னும் சொல்லுங்க.”

கல்லூரிப் பக்கம் நான் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ் பாபநாசம் தாண்டுகிறவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வருடம் இரண்டு பக்கமும் சம்பா அறுத்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. அப்பா கடைசிவரை புதுக் குழாய் இறக்கவில்லை, நிலத்தைப் பக்கத்து வயல்காரருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார்.

முடிவுகள் உரிய நாளில் வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் நிறுத்தி வைக்கப்படவில்லை. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த நாளில் துறையில் இனிப்புப் பொட்டலமும் சத்தமுமாக இருந்தது. தங்கள் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இதுவா, இதுவா என்று தேடினேன். அந்தக் கையெழுத்தை நான் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டிருந்தேன், அதுவும் சேதுராமன் சாரின் குரலில்.

எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் வாசலில் தயங்கினாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்ணைக் கிழித்துவிட்டுத் திருத்திய தாள் அது, அப்படியே இருக்கட்டும். வகுப்பில் அதிகம் பேசாதவள். அப்பா வாங்கிக் கொடுத்ததாக ஒரு புதுப் பையை மாட்டியிருந்தாள்.

“பி.எட். சேரப் போறேன் சார்.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

“சார், ஒண்ணு சொல்லணும். பரீட்சையில எழுதிட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்லாம உட்டா சரியா இருக்காது.”

ஜெபமாலை மேடத்திடம் கற்றது அங்கே உதவியது. ஒன்றும் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னம்மா?” என்றேன்.

“அடுத்த வருஷமும் அந்தக் கெணத்து உதாரணத்தத்தான சார் சொல்வீங்க?”

“ஆமா.”

“கொழாய எறக்குனவங்களையும் சேத்துச் சொல்லுங்க சார்.”

சரிம்மா என்றேன். ஓய்வு பெற்ற நாள்வரை சேர்த்துத்தான் சொன்னேன்.